ரேடியோ அயோடின் சிகிச்சை: உப்பு டப்பாவிலிருந்து தனி அறை வரை

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, பயாப்சி அறிக்கை கைக்கு வந்த பிறகு பலரிடம் மருத்துவர் சொல்வது இது: "அணு மருத்துவத் துறைக்குப் போய்ப் பாருங்கள், ரேடியோ அயோடின் தேவைப்படலாம்." அணு, கதிரியக்கம், தனி அறை, யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் காதில் விழ விழ வீடே கலங்கிவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பயப்படுவது தனி அறைக்கு. ஆனால் மருந்தை விழுங்குவது ஒரு நிமிட வேலை, அறையில் இருப்பது சில நாள் ஓய்வு. சிகிச்சை நன்றாகப் பலிப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரங்களில் உங்கள் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் தீர்மானமாகிறது. வீட்டாரின் பாதுகாப்போ திரும்பி வந்த பிறகு நீங்கள் கடைப்பிடிக்கும் சில ஒழுங்குகளில் இருக்கிறது. இரண்டும் உங்கள் கையில் இருப்பவை என்பதால்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது

தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை உருவாக்க அயோடின் வேண்டும். இரத்தத்தில் ஓடும் அயோடினை உள்ளே இழுத்துக்கொள்ள அதன் செல்களின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. பாப்பில்லரி, ஃபாலிகுலர் என்ற இரண்டு வகைத் தைராய்டு புற்றுநோய்ச் செல்களிலும் பெரும்பாலும் இந்த இழுக்கும் திறன் ஓரளவு மிஞ்சியிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் கழுத்தில் எஞ்சிய துணுக்குகளும், நிணநீர் முடிச்சிலோ நுரையீரலிலோ ஒளிந்திருக்கும் செல்களும், கொடுக்கப்படும் அயோடின் சாதாரணமானதா கதிரியக்கம் உள்ளதா என்று வேறுபாடு பார்க்காமல் இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போன கதிரியக்க அயோடின், அதாவது அயோடின்-131, பீட்டா கதிரை வெளிவிடுகிறது. அந்தக் கதிர் திசுவுக்குள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் அயோடினை இழுத்த செல்லும் அதன் சுற்றுப்புறமும் அழிகின்றன. தொலைவில் உள்ள உறுப்புகளுக்குச் சேதம் மிகக் குறைவு. கீமோதெரபியில் போல முடி கொட்டுவதில்லை.

மெடுல்லரி வகைப் புற்றுநோய் தைராய்டின் வேறு வகைச் செல்களில் தோன்றுவது. அது அயோடினை இழுக்காது. அனாபிளாஸ்டிக் வகையும் பொதுவாக இழுக்காது. ஆகவே உங்கள் அறிக்கையில் எந்த வகை எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இந்தச் சிகிச்சையின் வரலாறும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1936இல் பாஸ்டன் நகரில் நடந்த ஓர் உரைக்குப் பின், சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமாக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று பதில் வந்தது. ஆனால் அப்போது கிடைத்த அயோடின்-128க்கு அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 25 நிமிடம்தான். உடலுக்குள் போய்ச் சேர்வதற்குள் பாதி தீர்ந்துவிடும். கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த மருத்துவர் ஜோசப் ஹாமில்டன், ஒரு வாரம் அளவுக்கு நிற்கும் அயோடின் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 1938இல் பெர்க்லியில் கிளென் சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் கண்டறிந்த அயோடின்-131க்கு அரை ஆயுள் 8 நாள். ஹெர்ட்ஸ் 1941 மார்ச் 31 அன்று, மிகைத் தைராய்டு (தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது) உள்ள ஒரு நோயாளிக்கு முதன்முதலில் சிகிச்சையாகக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். உடலெங்கும் பரவிய தைராய்டு புற்றுநோயில் இது வேலை செய்வதை நியூயார்க்கின் சாமுவேல் சீட்லினும் அவருடைய குழுவினரும் 1946இல் வெளியிட்டார்கள். நேற்று வந்த புதுமையை உங்கள் மேல் சோதிக்கவில்லை என்பதற்காகவே இந்த ஆண்டுகளைச் சொல்கிறேன்.

எந்த அயோடின் எதற்கு

அறிக்கைகளில் வெவ்வேறு எண்களைப் பார்க்கும்போது குழப்பம் வரும். அயோடின்-131 சிகிச்சைக்கு உரியது. பீட்டாவோடு காமா கதிரையும் விடுவதால், சிகிச்சைக்குப் பிறகு அதே மருந்தைக் கொண்டே ஸ்கேனும் எடுத்துவிடலாம். அயோடின்-123 படம் எடுக்க மட்டும். அதில் பீட்டா இல்லை, அரை ஆயுள் 13 மணி நேரம். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரிக்க வேண்டியது, விலையும் அதிகம். ஆதலால் நம் நாட்டில் சாதாரணத் தைராய்டு ஸ்கேனுக்கு டெக்னீசியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அயோடின்-124, நான்கு நாளுக்குச் சற்று மேல் அரை ஆயுள் உள்ளது, பெட் ஸ்கேனுக்குச் சில மையங்களில் பயன்படுகிறது. அயோடின்-125 சுமார் 60 நாள் நிற்கும். ஆய்வகப் பரிசோதனைகளிலும், புராஸ்டேட் போன்ற இடங்களில் சிறு விதைகளாகப் பதிக்கவும் அதை வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா போன்ற கட்டிகளில், எம்.ஐ.பி.ஜி. என்ற மருந்தோடு அயோடினை இணைத்துக் கொடுப்பதும் உண்டு. அங்கே தைராய்டைக் காப்பாற்றுவதற்காக முன்கூட்டியே சாதாரண அயோடின் கொடுப்பார்கள். கீழே வரும் உணவுக் கட்டுப்பாட்டுக்கு நேர் எதிரான ஏற்பாடு அது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி வருவது அறுவை சிகிச்சைக்குப் பின் அயோடின்-131 எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கானது. நாள் கணக்குகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். உங்கள் மருத்துவமனை தந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் படி: இது எனக்குத் தேவைதானா என்று கேளுங்கள்

இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு காலத்தில் தைராய்டு புற்றுநோய் என்றாலே எல்லோருக்கும் அதிக அளவு அயோடின் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2012இல் பிரிட்டனிலும் பிரான்ஸிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், நோய் திரும்பும் ஆபத்து குறைந்தவர்களிடம் எஞ்சிய திசுவை அழிக்க 30 மில்லிகியூரியே (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) 100 மில்லிகியூரி அளவுக்குப் பலன் தருகிறது என்று காட்டின. 2022இல் வெளியான இன்னொரு பிரெஞ்சு ஆய்வு 776 பேரைப் பின்தொடர்ந்தது. ஆபத்து குறைந்தவர்களில், அயோடின் எடுத்துக்கொள்ளாதவர்கள் மூன்று ஆண்டு முடிவில் எடுத்துக்கொண்டவர்களைவிட மோசமாக இல்லை என்பது அதன் முடிவு.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: என் கட்டி எத்தனை சென்டிமீட்டர்? தைராய்டுக்கு வெளியே பரவியிருக்கிறதா? எத்தனை நிணநீர் முடிச்சுகளில் இருந்தது? என்னை எந்த ஆபத்துப் பிரிவில் வைக்கிறீர்கள்? எத்தனை மில்லிகியூரி தரப் போகிறீர்கள், ஏன்? முடிச்சுகளில் பரவல் இருந்தால், நுரையீரலிலோ எலும்பிலோ இருந்தால், இந்தச் சிகிச்சை உயிரைக் காக்கக் கூடியது. அங்கே தயங்கக் கூடாது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான ஒற்றைக் கட்டி, பரவலே இல்லை என்றால், வேண்டாம் என்பதும் முறையான மருத்துவம்தான். அளவு கூடக் கூட உமிழ்நீர்ச் சுரப்பிப் பாதிப்பும், பல ஆண்டுகள் கழித்து வேறு புற்றுநோய் வரும் சிறிய அபாயமும் கூடுகின்றன. தேவையில்லாதவருக்குக் கொடுக்காமல் இருப்பது அதனால்தான் முக்கியம்.

அளவு பற்றி ஒரு குறிப்பு. சில அறிக்கைகளில் மில்லிகியூரி இருக்கும், சிலவற்றில் மெகாபெக்கரல். ஒரு மில்லிகியூரி என்பது 37 மெகாபெக்கரல். 3700 என்ற எண்ணைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். அது 100 மில்லிகியூரிதான்.

இரண்டாம் படி: நாள்காட்டியையும் மருந்துப் பெட்டியையும் எடுத்து வையுங்கள்

அயோடின்-131 மருந்துக் கடையில் வாங்கி வைக்கும் பொருள் அன்று. இந்தியாவில் மும்பைக்கு அருகே டிராம்பேயில் அணு உலைக்குள் டெல்லூரியம் சேர்மத்தை வைத்து இதை உருவாக்குகிறார்கள். அணுசக்தித் துறையின் கீழ் உள்ள 'பிரிட்' நிறுவனம் மருத்துவமனைகளுக்கு அனுப்பி வைக்கிறது. எட்டு நாளில் பாதி தீர்ந்துவிடும் பொருள் என்பதால் குறித்த நாளைக் கணக்கிட்டே வரவழைப்பார்கள். காய்ச்சலோ வேறு தடையோ வந்தால் முதல் நாள் இரவு வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.

குறித்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செல்கள் அயோடினை ஆவலோடு இழுக்க வேண்டுமானால் இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு உயர்ந்திருக்க வேண்டும். 30க்கு மேல் என்பது வழக்கமான இலக்கு. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாக எடுக்கும் தைராக்சின் மாத்திரையை மூன்று நான்கு வாரம் நிறுத்துவது. மற்றது, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, டி.எஸ்.எச். ஊசியை அடுத்தடுத்து இரண்டு நாள் போட்டு மூன்றாம் நாள் அயோடின் கொடுப்பது. ஊசி விலை மிகுந்தது, எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே நம் ஊரில் பெரும்பாலானோருக்கு வாய்ப்பது முதல் வழி.

மாத்திரையை நிறுத்தும் அந்த வாரங்கள் சோர்வு மிகுந்தவை. உடல் கனத்துப்போகும், குளிரும், மலச்சிக்கல் வரும், மனம் தளரும், பேச்சும் நினைவும் மந்தமாகும். நோய் முற்றிவிட்டதோ என்று பலர் உள்ளுக்குள் நடுங்குவது இந்த நாட்களில்தான். முற்றவில்லை, ஹார்மோன் இல்லாததால் வரும் நிலை இது, மாத்திரையைத் தொடங்கினால் படிப்படியாக மாறும். கடைசி இரண்டு வாரம் இருசக்கர வாகனம், கார் ஓட்டுவதைத் தவிருங்கள். அலுவலகத்தில் விடுப்பை முன்பே சொல்லி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நாட்களில் அவர் மெதுவாக இருப்பதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அடுத்து, மறைந்திருக்கும் அயோடின். கடந்த மூன்று மாதத்தில் மருந்து ஏற்றிச் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நரம்பில் ஏற்றும் அந்தத் திரவத்தில் 30 கிராம் அளவுக்கு அயோடின் இருக்கலாம். ஒரு நாளைக்கு உடலுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் நாள் தேவையை ஒரே வேளையில் ஏற்றியது போலாகும். அது வடிய ஒன்று முதல் இரண்டு மாதமாவது வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் அல்ட்ரா சவுண்டுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இதயத் துடிப்புக்காக அமியோடரோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரும் அணு மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் களிம்பு, அதே மருந்து கலந்த வாய் கொப்பளிக்கும் நீர், தாது உப்புகள் சேர்ந்த வைட்டமின் மாத்திரைகள், சில இருமல் மருந்துகள், கடற்பாசிப் பொடிகள், நாட்டு மருந்துகள் என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச்சென்று காட்டிவிடுவது நல்லது.

மூன்றாம் படி: சமையலறை

இரண்டு வாரம், சில இடங்களில் ஒரு வாரம், அயோடின் குறைந்த உணவு. நாளுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் அடக்க வேண்டும் என்பது இலக்கு. சுரப்பித் துணுக்குகள் பட்டினி கிடந்தால்தான் கதிரியக்க அயோடின் வரும்போது அள்ளிக்கொள்ளும்.

முதல் எதிரி உப்பு. நாடு முழுவதும் 2006 முதல் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம். ஒரு கிலோவில் குறைந்தது 15 மில்லிகிராம். அதாவது 10 கிராம் உப்பு சாப்பிட்டால் 150 மைக்ரோகிராம், அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு. இலங்கையிலும் உப்பு அயோடின் கலந்தே விற்கப்படுகிறது. கல் உப்பு என்றால் அயோடின் இருக்காது என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். பாக்கெட்டில் வரும் கல் உப்பிலும் அயோடின் தெளித்திருப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் அயோடின் சேர்க்காதது என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள். இந்துப்பு பலருக்குக் கைகொடுக்கிறது. அதிலும் அயோடின் சேர்த்து விற்பது உண்டு என்பதால் அச்சிட்டதைப் பார்க்க வேண்டும். பல அணு மருத்துவத் துறைகளில் எங்கே கிடைக்கும் என்று அவர்களே சொல்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உப்பையே விட்டுவிடச் சொல்லவில்லை. அயோடின் கலந்த உப்பை மட்டும். தைராக்சினை நிறுத்திய நிலையில் உப்பும் இல்லாமல் இருந்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கடும் குழப்பமோ தலைசுற்றலோ வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

உப்பை மாற்றியதும் வீட்டில் பழைய உப்பு எங்கெங்கே புகுந்திருக்கிறது என்று தேட வேண்டும். நேற்று அரைத்த இட்லி மாவில் அது இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், வடகம், மோர் மிளகாய், இட்லிப் பொடி, கரைத்து வைத்த புளிக்காய்ச்சல் எல்லாவற்றிலும் இருக்கிறது. இவற்றை இரண்டு வாரம் மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுங்கள். கடையில் வாங்கும் தோசை மாவு, மிக்சர், முறுக்கு, பிஸ்கட், பேக்கரி ரொட்டி, சாஸ், உடனடி நூடுல்ஸ் வேண்டாம். ஓட்டல் சாப்பாடும் வேண்டாம். இங்கே விதிவிலக்குத் தேடாதீர்கள். ஓட்டலில் எந்த உப்பு என்று எவருக்கும் தெரியாது.

கடலில் இருந்து வருவது எல்லாம் விலக்கு: மீன், இறால், நண்டு, கணவாய், கருவாடு, யாழ்ப்பாணத்துச் சமையலில் சம்பலுக்கு இடிக்கும் மாசி. ஃபலூடாவிலும் ஜெல்லியிலும் சேர்க்கும் கடற்பாசியையும் மறக்க வேண்டாம். பால், தயிர், மோர், வெண்ணெய், பனீர், பாலில் செய்த இனிப்புகள் கிடையாது. முட்டையில் மஞ்சள் கரு கூடாது, வெள்ளைக் கரு சாப்பிடலாம். சோயா வேண்டாம். செர்ரிப் பழத்துக்கும் சில மிட்டாய்களுக்கும் ஏற்றும் எரித்ரோசின் என்ற சிவப்பு நிறத்தில் அயோடின் இருக்கிறது. சிவந்த மிட்டாய்களைத் தவிர்த்துவிடுவது எளிது.

இத்தனை சொன்ன பிறகு என்னதான் சாப்பிடுவது என்று கேட்பீர்கள். நம் சமையலில் தாராளமாகவே இருக்கிறது. சோறு, புது உப்பில் அரைத்த மாவில் இட்லி தோசை, கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு, மிளகு ரசம், பருப்பு போட்ட சாம்பார், கத்தரிக்காய் வதக்கல், வாழைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய், பூசணிக்காய், தேங்காய்ச் சட்னி, எலுமிச்சைச் சாதம், நல்லெண்ணெய், எல்லாப் பழங்களும், வெல்லம், உப்புச் சேர்க்காத வேர்க்கடலை, பால் சேர்க்காத காபி, சுக்கு மல்லி. கடையில் பதப்படுத்தாத கோழிக்கறியைக் கொஞ்சம் சாப்பிடலாம். மோர் இல்லாமல் சாப்பாட்டை முடிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் உண்மையான சோதனை. ரசத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் அந்த இரண்டு வாரம் ஒரே உப்பில் சாப்பிட்டால் சமைப்பவருக்கு வேலை பாதியாகும், கைதவறும் வாய்ப்பும் போகும். குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கு மட்டும் வழக்கமான உப்பு தொடரட்டும். அவர்களுக்கு அயோடின் அவசியம்.

நான்காம் படி: கர்ப்பம், தாய்ப்பால்

கர்ப்பிணிகளுக்கு இந்தச் சிகிச்சை எக்காரணம் கொண்டும் கூடாது. கருவில் உள்ள சிசுவின் தைராய்டு 10 முதல் 12 வாரத்திலேயே அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும், கதிரியக்க அயோடின் அந்தச் சுரப்பியை அழித்துவிடும். குழந்தை பெறும் வயதில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் மருந்துக்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். திருமணமாகவில்லையே, ஏன் செய்கிறீர்கள் என்று வீட்டார் வருத்தப்பட வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவான விதி.

பால் சுரக்கும் மார்பகமும் அயோடினை இழுக்கும். எனவே சிகிச்சைக்குக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே தாய்ப்பாலை நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு மீண்டும் கொடுக்கக் கூடாது. அடுத்த குழந்தைக்குக் கொடுக்கலாம். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பெண்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்; ஆண்களும் நான்கு மாதமாவது காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு குழந்தை பெற்றுக்கொள்ள இந்தச் சிகிச்சை தடை இல்லை. மணமாக வேண்டிய பெண்ணைப் பற்றி உறவினர் வேறு விதமாகப் பேசினால், மருத்துவரிடமே அழைத்துச்சென்று கேட்க வையுங்கள். பல முறை அதிக அளவு தேவைப்படும் ஆண்கள் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி முன்பே கேட்கலாம்.

ஐந்தாம் படி: மருந்து எடுக்கும் நாளும் தனி அறையும்

அன்று டி.எஸ்.எச்., தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் மட்டும் உருவாக்கும் புரதம்) பரிசோதனைகள் எடுப்பார்கள். மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் வயிறு காலியாக இருக்கச் சொல்வது வழக்கம். மருந்து ஈயப் பாத்திரத்துக்குள் காப்ஸ்யூலாக வரும், அல்லது உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கும் நீராக வரும். சுவை, மணம் எதுவும் பெரிதாகத் தெரியாது. வாந்தி வரும் போலிருந்தால் உடனே அழைப்பு மணியை அடியுங்கள்.

30 மில்லிகியூரிக்கு மேல் என்றால் இந்தியாவில் தனி அறையில் இருக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே கட்டிய அறைகள் உண்டு. அங்கே கழிப்பறை நீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது. தனித் தொட்டியில் தேக்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியேற்றுவார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். செவிலியர் கதவுக்கு வெளியே நின்று பேசுவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஆண்டு முழுவதும் அங்கே வேலை செய்பவர்கள்; உங்களுக்கு ஒரு முறை, அவர்களுக்கு நாள்தோறும்.

உள்ளே எடுத்துச்செல்லும் எதிலும் வியர்வையும் எச்சிலும் படும், பிறகு அங்கேயே விட்டுவர நேரலாம். பழைய உடைகள், ஒரு பல்துலக்கி, ஒன்றிரண்டு வார இதழ்கள் போதும். கைப்பேசியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டி எடுத்துச்செல்லுங்கள். தாலிச் சங்கிலி, மோதிரங்களை வீட்டிலேயே வைத்துவிடலாமா என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் அது வாக்குவாதமாகிவிடுகிறது.

உள்ளே உங்கள் வேலை, தண்ணீர் குடிப்பது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கொடுத்த அயோடினில் பெரும்பகுதி இரண்டு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், இரவில் எழுந்தும் போங்கள். ஆண்களும் உட்கார்ந்தே கழிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை நீர் இறைத்துவிடுங்கள். நாள்தோறும் குளியுங்கள். மலச்சிக்கல் இருந்தால் மருந்து கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வெளியேற்றம் மந்தமாவதால் அளவையே வேறாகக் கணக்கிட வேண்டும். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை இழுப்பவை. காதுக்குக் கீழே வீக்கம், வாய் உலர்தல், நாவில் சுவை மாறுதல் வருவது அதனால்தான். எலுமிச்சைத் துண்டோ புளிப்பு மிட்டாயோ சப்பினால் உமிழ்நீர் ஓடிச் சுரப்பி கழுவப்படும். ஆனால் முதல் நாளே தொடங்கலாமா, 24 மணி நேரம் கழித்தா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மருத்துவர் சொன்ன நேரத்தில் தொடங்குங்கள்.

மருத்துவ இயற்பியலாளர் ஒரு மீட்டர் தொலைவில் நின்று கருவியால் அளந்து, வரம்புக்குக் கீழே வந்ததும் வீட்டுக்கு அனுப்புவார். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்.

ஆறாம் படி: வீடு திரும்பிய பிறகு

எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டே விதிகள்: தூரம், நேரம். ஒரு மீட்டரில் உள்ள கதிர் இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் நான்கில் ஒரு பங்காகும், மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. எனவே கூடத்தின் மறுமுனையில் அமர்ந்து பேசுவதில் தவறில்லை. மடியில் பேரனை வைத்துக்கொள்வதுதான் கூடாது. சிறு குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த நாட்களில் பாட்டி வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்ப முடிந்தால் எல்லோருக்கும் நிம்மதி. இடமில்லாத வீட்டில், அதிக அளவு எடுத்தவர் ஓரிரு நாள் கூடுதலாக மருத்துவமனையில் இருக்க முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

தனியே படுங்கள். தட்டு, டம்ளர், துண்டு தனி. துணியைத் தனியே துவையுங்கள். சில நாள் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம். கழிப்பறையை நன்றாக நீர் ஊற்றிக் கழுவுங்கள். வீடு திரும்பும் பயணம் நீண்டது என்றால், நெருக்கி உட்காரும் பஸ்ஸைத் தவிர்த்துக் காரின் பின் இருக்கையில், ஓட்டுநருக்குக் குறுக்காக அமருங்கள். விமான நிலையங்களில் உள்ள கதிர் உணர்கருவிகள் சில வாரம், ஏன் மூன்று மாதம் வரைகூட உங்களைக் கண்டுகொள்ளலாம். வெளிநாடு போவதாக இருந்தால் மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதிய மருத்துவமனைக் கடிதத்தை வைத்திருங்கள்.

குறித்த நாட்கள் முடிந்ததும் முடிந்ததுதான். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அம்மாவுக்குத் தனித் தட்டு வைப்பதும், பிள்ளைகளை அண்டவிடாமல் செய்வதும் நடக்கிறது. அதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை, நோயாளிக்கு அது மிகுந்த வேதனை.

ஏழாம் படி: ஸ்கேனும் தொடர் கவனிப்பும்

உணவுக் கட்டுப்பாடு பெரும்பாலும் மருந்து எடுத்து ஓரிரு நாளில் முடியும், தைராக்சினும் இரண்டு மூன்று நாளில் மீண்டும் தொடங்கும். தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முழு உடல் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குப் புதிதாக மருந்து கிடையாது, உள்ளே இருக்கும் அயோடின் விடும் காமா கதிரைக் கேமரா படமாக்கும். கழுத்தில் புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். எஞ்சிய தைராய்டு துணுக்கு அயோடினை வாங்கியிருக்கிறது என்று பொருள். வாய், வயிறு, குடல், சிறுநீர்ப்பையில் தெரிவதும் இயல்பு.

பலன் முழுமையாகத் தெரிய மாதங்கள் ஆகும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தைரோகுளோபுலின் பரிசோதனையும் கழுத்து அல்ட்ரா சவுண்டும் செய்வார்கள். தைராய்டே இல்லாதவரிடம் தைரோகுளோபுலின் ஏறிக்கொண்டே போனால் எங்கோ செல்கள் இருக்கின்றன என்பதற்கு அறிகுறி. அதனோடு தைரோகுளோபுலின் எதிர்ப்புப் பொருள் பரிசோதனையும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தால் முதல் எண்ணை நம்ப முடியாது. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். தைராக்சின் மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டும்: காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விட்டு.

எத்தனை மில்லிகியூரி எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்ற சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மீண்டும் தேவைப்பட்டால் இதுவரை எடுத்த மொத்த அளவைக் கூட்டிப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

மிகைத் தைராய்டுக்காக எடுப்பவர்களுக்கு

கிரேவ்ஸ் நோய் போன்ற மிகைத் தைராய்டுக்குக் கொடுப்பதும் இதே அயோடின்-131தான். அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிகியூரி. அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். தைராய்டு சுரப்பைக் குறைக்க எடுக்கும் கார்பிமசோல் மாத்திரையைச் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். கர்ப்பம், தாய்ப்பால், குழந்தைகளிடமிருந்து விலகியிருத்தல் பற்றிய விதிகள் இங்கும் அப்படியே பொருந்தும். சுரப்பி முழுதாக இருப்பதால் அயோடின் உடலில் கூடுதல் நாள் தங்கும். அளவு குறைவுதானே என்று விதிகளைத் தளர்த்தக் கூடாது. கண் பிதுங்கல் இருந்தால் முன்பே சொல்லுங்கள், சிலருக்கு அது கூடலாம். புகைபிடிப்பவர்களுக்கு அந்த அபாயம் அதிகம். பலன் தெரிய ஆறு வாரம் முதல் சில மாதம் பிடிக்கும். பெரும்பாலானோருக்குப் பின்னர் தைராய்டு குறைந்துபோய்த் தைராக்சின் தேவைப்படும். ஆகவே முதல் சில மாதங்கள், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவர் குறித்துக் கொடுத்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.